ஓருயிர், ஈருருவம், இருபெயர்: பூச்சியொட்டுண்ணிப் பங்கசுக்களின் பெயர் வரலாறும் சப்பிரகமுவத் தோட்டங்களும்

1

சப்பிரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தென்மேற் பருவமழை ஓய்ந்து வரும் நாட்களில், லயங்களை அடுத்து நிற்கும் கோப்பி, கொய்யாச் செடிகளின் இலைகளைப் புரட்டிப் பார்ப்போர், நடுநரம்பை ஒட்டி வரிசையாக அமர்ந்திருக்கும் செதிற்பூச்சிகள் சிலவற்றைச் சுற்றி வெண்ணிற வளையமொன்று படர்ந்திருப்பதைக் காணலாம். அவ்வளையம் பூச்சியைக் கொன்ற பங்கசுவின் உடலாகும். இதே வகைப் பங்கசுக்கள் சில, வேறொரு காலத்தில், வேறொரு பூச்சியின் உடலில், முற்றிலும் வேறான உருவத்தில் வெளிப்படுகின்றன. ஓரிடத்தில் தூளாகவும் பிறிதோரிடத்தில் காம்பும் தலையுமாகவும் தோன்றும் இவை ஓருயிரின் இரு பருவங்களே என்பதை நிறுவுவதற்கு அறிவியலுக்கு ஒன்றரை நூற்றாண்டு தேவைப்பட்டது. அந்த ஒன்றரை நூற்றாண்டின் கணிசமான பகுதி இலங்கைப் பெருந்தோட்டங்களின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்தது.

இலக்கிய ஆய்வாளராகிய நாம் உயிரியல் சார்ந்த இப்பொருளை ஏன் எடுத்துக்கொண்டோம் என்ற வினா எழுதல் இயல்பு. பெயரிடுதல், பதிவு செய்தல், பிரதியோடு பிரதியை ஒப்புநோக்கி மூலத்தைக் காணுதல் ஆகியன எமது துறையின் அன்றாடப் பணிகள். அத்துடன், எந்த அறிவும் அது தோன்றிய உற்பத்தி உறவுகளிலிருந்து பிரித்து விளங்கிக்கொள்ளப்பட முடியாதது என்பது எமது நிலைப்பாடு. ஓருயிரின் இரு பருவங்கள் இரு பெயர்களாகப் பிரிந்து நின்றமைக்கு அவ்வுயிரின் இயல்பு ஒரு காரணம். அதனைப் பார்த்த சமூகத்தில் நிலவிய உழைப்புப் பிரிவினை மற்றொரு காரணம். டீ.என்.ஏ வரிசைகளை ஒப்பிடும் முறை முதலாவது தடையைப் பெருமளவுக்கு நீக்கியுள்ளது. இரண்டாவது தடை இன்னும் நீங்கவில்லை. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

முதலில் இவ்வுயிரின் இயல்பைச் சுருக்கமாக நோக்குவோம். பூச்சியின் புறத்தோலில் ஒட்டிக்கொள்ளும் வித்தி முளைத்து, தோலைத் துளைத்து உட்புகுந்து, உடற்றிரவத்திற் பெருகி, இறுதியிற் பூச்சியைக் கொல்கின்றது. அதன்பின் பங்கசு மீண்டும் வெளியே வந்து வித்திகளைத் தோற்றுவிக்கும். இது இரு வழிகளில் நிகழலாம். ஒன்று, இலிங்கமில்முறை: இழைகளின் நுனியிலிருந்து தூள்போல உதிரும் வித்திகள், மழையிலும் காற்றிலும் விரைந்து பரவுவன. மற்றையது, இலிங்கமுறை: இரு கருக்கள் இணைந்தபின், குடுவை போன்ற நுண்ணிய உறுப்புக்களுள், பைகளில் அடைபட்டு உருவாகும் வித்திகள். கோர்டிசெப்ஸ் வகையிற் பல இனங்களில் இவ்வுறுப்புக்கள் இறந்த பூச்சியிலிருந்து எழும் காம்பொன்றின் தலைப்பகுதியில் அமைந்திருக்கும்.

இவ்விரு நிலைகளும் ஒரே பூச்சியில் ஒரே வேளையில் காணப்படுதல் எல்லா இனங்களிலும் நிகழ்வதன்று. இலிங்கமில்நிலை ஈரம் மிகுந்த சில நாட்களிற் பெருகி மறையும். இலிங்கநிலை மாதங்கள் கடந்து, பெரும்பாலும் காட்டின் நிழலில், இலைக்குப்பையினுள் தோன்றும். சில இனங்கள் ஆண்டுக்கணக்கில் இலிங்கமில்நிலையிலேயே பெருகி வாழ்கின்றன. ஆகவே, ஒன்றை மட்டும் கண்டவர் மற்றதை அறியார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பங்கசுக்களின் பாகுபாடு இலிங்கநிலை உறுப்புக்களை அடிப்படையாகக் கொண்டு அமைக்கப்பட்டது. அவ்வுறுப்புக்கள் காணப்படாதவை யாவும் 'நிறைவிலாப் பங்கசுக்கள்' என்ற தனித்தொகுதியில் இடப்பட்டன. நிறைவின்மை பங்கசுவில் இருக்கவில்லை; அதனைப் பற்றிய மனித அறிவில் இருந்தது. ஆயினும் பார்ப்பவரின் குறை பார்க்கப்பட்ட பொருளின் மீது ஏற்றப்பட்டு, அதுவே அதன் பெயராயிற்று. பிரான்சில் துலான் சகோதரர்கள் 1861 முதல் 1865 வரை வெளியிட்ட பெருநூலில், ஒரே பங்கசு பல உருவங்களை எடுக்கும் என்பதைச் சித்திரங்களுடன் காட்டியிருந்தனர். உண்மை தெரிந்தபின்னரும் நடைமுறை மாறவில்லை. 1910ஆம் ஆண்டு பிரசெல்சில் கூடிய தாவரவியல் மாநாடு, இலிங்கமில்நிலைக்குத் தனிப்பெயர் வழங்கப்படுவதை விதியாகவே ஏற்றுக்கொண்டது. ஓருயிருக்கு இரு பெயர் என்பது ஒரு நூற்றாண்டுக்குச் சட்டமாயிற்று.

3

இனி இலங்கைக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கண்டி மலைச்சரிவுகளிலும், சப்பிரகமுவவின் பலாங்கொடை, இறக்குவானைப் பகுதிகளிலும் காடுகள் அழிக்கப்பட்டுக் கோப்பி பயிரிடப்பட்டது. ஒரே பயிர் பரந்த நிலத்தை மூடியபோது அப்பயிரை உண்ணும் உயிர்களும் பெருகின. செதிற்பூச்சியைத் தோட்டத்துரைமார் 'கோப்பிப் பூச்சி' என அழைத்து அஞ்சினர். கோப்பியின் பகைவர்களைப் பற்றி யோன் நீற்னர் என்ற தோட்டக்காரர் 1861இல் வெளியிட்ட நூலே, செதிற்பூச்சியைத் தாக்கும் இவ்வெண்ணிறப் பங்கசு பற்றிய மிகப் பழைய பதிவெனக் கொள்ளப்படுகின்றது. பங்கசுவைக் காண விழைந்த கண்ணைத் திறந்தது கோப்பியின் இலாபமே.

1869ஆம் ஆண்டு கோப்பி இலைகளில் செம்மஞ்சள் நிறத் துருநோய் தோன்றியது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவெய்ற்ஸ் அனுப்பிய மாதிரிகளைக் கொண்டு, இங்கிலாந்திலிருந்த பேர்க்லி, புறூம் ஆகிய இருவரும் அதற்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டனர். 'அழிக்கும்' என்னும் பொருளுடைய அப்பெயர் தீர்க்கதரிசனமாயிற்று. 1880களின் முடிவுக்குள் கோப்பிப் பொருளாதாரம் சிதைந்தது. இடையில், 1880 முதல் 1882 வரை, மார்ஷல் உவோட் என்ற இளம் ஆய்வாளர் இங்கு தங்கி, உயிருள்ள இலையில் வித்தி முளைப்பதை நாள்தோறும் அவதானித்து நோயின் வளர்ச்சியை விளக்கினார். ஒரே பயிரை இடைவெளியின்றிப் பயிரிட்டமையே நோய் பெருகக் களம் அமைத்தது என்றும் சுட்டினார்.

துவெய்ற்ஸ் அனுப்பியவை துருநோய் மாதிரிகள் மாத்திரமல்ல. அவரது பங்கசுச் சேகரிப்பு முழுமையும் பேர்க்லி, புறூம் ஆகியோரின் கைக்குச் சென்று, 'இலங்கைப் பங்கசுக்கள்' என்ற பட்டியலாக 1870களில் வெளிவந்தது. ஈயின் உடலில் வளரும் கோர்டிசெப்ஸ் டிப்டெரிஜெனா அப்பட்டியலில் பெயர்பெற்றதாகும். இவ்விடத்து ஓர் அமைப்பு மனங்கொளத்தக்கது. உயிர் இலங்கையில், பெயர் இங்கிலாந்தில். கடல் கடந்து சென்றது உலர்ந்த மாதிரி. உலர்ந்த மாதிரியில் உருவம் உண்டு, காலம் இல்லை. நேற்று அது எவ்வாறிருந்தது, நாளை எவ்வாறாகும் என்பதை அது சொல்லாது. ஒரே உயிரின் இரு பருவங்கள் இரு உறைகளில் சென்றால் அவை இரு உயிர்களாகவே பதியப்படும்.

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டும் அதே பேராதனையில் உண்டு. மூவர் 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட 'இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளும் அந்துக்களும்' பற்றிய நூலுக்குரிய சித்திரங்களை வில்லியம் டி அல்விஸ், ஜோர்ஜ் டி அல்விஸ் என்னும் சிங்களச் சகோதரர்கள் வரைந்தனர். அவர்கள் சிறகு விரித்த பூச்சியோடு அதன் புழுவையும் கூட்டுப்புழுவையும் சேர்த்து வரைந்தனர். புழுவும் பூச்சியும் ஒன்றே என்பதை அறிய, புழுவை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அதாவது அவ்விடத்தில் இருக்க வேண்டும். பருவங்களை இணைக்கும் அறிவு உடனிருப்போரின் அறிவு. பங்கசு விடயத்தில் உடனிருந்தோர் வேறு, பெயரிட்டோர் வேறு ஆயினர்.

4

கோப்பி வீழ்ந்தபின் தேயிலையும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பரும் எழுந்தன. சப்பிரகமுவவின் தாழ்ந்த சரிவுகள் பெருந்தோட்ட வரலாற்றின் மையத்துக்கு வந்தது இறப்பரோடுதான். கேகாலை, ருவன்வெல்லை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இரத்தினபுரி, பெல்மதுளை ஆகிய பகுதிகளில் தென்னிந்தியத் தொழிலாளர் பால் வெட்டவும் கொழுந்து பறிக்கவும் குடியமர்த்தப்பட்டனர். ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை பெறும் இரத்தினபுரிச் சூழல் இறப்பருக்கும் ஏற்றது, பங்கசுவுக்கும் ஏற்றது. இறப்பர் விலை உயர்ந்துவந்த காலத்தில், 1905இல், தோமஸ் பெச் என்ற ஆங்கிலேயர் அரசாங்கப் பங்கசு ஆய்வாளராகப் பேராதனைக்கு வந்தார். இறப்பர் நோய்கள் பற்றி 1911, 1921 ஆகிய ஆண்டுகளிலும், தேயிலை நோய்கள் பற்றி 1923இலும் நூல்கள் எழுதிய இவர், 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதற் பணிப்பாளருமானார்.

பெச்சின் ஊதியம் பயிர்நோய்க்கு. அவரது உள்ளம் பூச்சிகளைக் கொல்லும் பங்கசுக்களில் இருந்தது. அக்காலத்தில் பூச்சிகள் ஒரு பிரிவின் பொறுப்பு. அரசாங்கப் பூச்சியியலாளராயிருந்த கிறீன் இலங்கைச் செதிற்பூச்சிகளைப் பற்றி 1896 முதல் 1922 வரை ஐந்து பகுதிகளாகப் பெருநூல் எழுதினார். பங்கசுக்கள் மற்றொரு பிரிவின் பொறுப்பு. பூச்சியின் உடலில் வாழும் பங்கசுவோ இரு பிரிவுகளுக்கும் நடுவில் நின்றது. அந்நடுவிடத்தைத் தன் வாழ்நாட் பணியாக்கிக் கொண்டவர் பெச்.

அவர் நெடுங்காலம் இங்கு வாழ்ந்தமையால், ஐரோப்பிய அறிஞர்களுக்குக் கிடைக்காத ஒன்று அவருக்குக் கிடைத்தது. அது மீண்டும் மீண்டும் பார்க்கும் வாய்ப்பு. ஒரே பூச்சியின் உடலில் இலிங்கநிலையும் இலிங்கமில்நிலையும் அருகருகே தோன்றும் அரிய தருணங்களை அவர் தேடினார். செதிற்பூச்சிகளிலும் வெள்ளை ஈக்களிலும் வளரும் அஷர்சோனியா என்ற இலிங்கமில்நிலையும் ஹைப்போகிரெல்லா என்ற இலிங்கநிலையும் பற்றி 1921இல் அவர் வெளியிட்ட ஆய்வு, இவ்விரண்டையும் சேர்த்து நோக்கியது. பேர்க்லியும் புறூமும் இலங்கையிலிருந்து பெற்ற உலர்ந்த ஈயிற் கண்ட கோர்டிசெப்ஸ் டிப்டெரிஜெனாவுக்குரிய இலிங்கமில்நிலையை, ஹைமெனொஸ்டில்பே டிப்டெரிஜெனா என 1931இல் பெயரிட்டவரும் அவரே. இரு பேரினப் பெயர்கள். ஆனால் அடைமொழி ஒன்று. விதி இரு பெயர் கேட்டது. பெச் கண்ட உண்மை ஒரு பெயர் கேட்டது. 'டிப்டெரிஜெனா' என்ற பொது அடைமொழியை அவ்விரண்டுக்குமிடையே ஏற்பட்ட சமரசம் எனலாம்.

அதே 1931இல் ஒபியோகோர்டிசெப்ஸ் என்ற புதிய பேரினத்தை அவர் நிறுவினார். இலங்கையில் கரப்பான் பூச்சியில் கண்ட இனமொன்று அதன் மாதிரி இனமாயிற்று. பத்தாண்டுகளுக்குள், யப்பானிய அறிஞர் கொபயாசி தமது 1941ஆம் ஆண்டு ஆய்வில் அதனைக் கோர்டிசெப்சின் உட்பிரிவாகத் தாழ்த்தினார். உருவத்தை மட்டும் கொண்டு வழக்காடிய காலத்தில் இரு தரப்பும் ஒன்றையொன்று வெல்ல முடியவில்லை.

பெச்சின் முறைக்கு எல்லை உண்டு. இரு நிலைகளும் ஒரே உடலில் கூடினாலன்றி இணைப்பை அவரால் காட்ட முடியாது. 1937இல், ஓய்வுபெற்று இங்கிலாந்தில் வாழ்ந்தபோது, கோர்டிசெப்ஸ் சப்செசிலிஸ் என்ற இனத்துக்கு அவர் பெயரிட்டார். அதன் மறுபாதி எதுவென அவர் அறியாமலே 1948இல் காலமானார். பின்னர் நோர்வே நாட்டு மண்ணிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட டொலிபோகிளேடியம் என்ற பங்கசுவிலிருந்து சைக்குளோஸ்போரின் கிடைத்தது. மாற்றப்பட்ட சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காது காக்கும் அம்மருந்து ஒரு பன்னாட்டு நிறுவனத்துக்குப் பெருஞ்செல்வம் ஈட்டித் தந்தது. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கதி ஹொட்ஜும் சகாக்களும், வண்டுப்புழுவொன்றில் முளைத்திருந்த சப்செசிலிஸின் வித்தியை வளர்த்துப் பார்த்து, அது அந்த டொலிபோகிளேடியமே என 1996இல் நிறுவினர். மருந்துலகம் மண்வாழ் பங்கசு எனக் கருதியது, வண்டைக் கொல்லும் பங்கசுவின் மற்றொரு பருவமாகும்.

5

வித்தியை வளர்த்துப் பார்க்கும் முறை உறுதியானது. ஆனால் எல்லா வித்தியும் ஆய்வுகூடத்தில் முளைப்பதில்லை. முளைத்தாலும் மறுநிலையைக் காட்டுவதில்லை. இத்தடையைக் கடக்க உதவியது டீ.என்.ஏ. அதன் செயன்முறையை எமது துறைசார்ந்த ஓர் ஒப்புமையால் விளக்கலாம்.

1887ஆம் ஆண்டில் சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும் உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியையும் பதிப்பித்து வெளியிட்டனர். ஓர் ஏட்டில் தலைப்பு இராது. மற்றோர் ஏட்டில் தலைப்பு மாறியிருக்கும். ஒன்றில் முற்பாதி, மற்றொன்றிற் பிற்பாதி. ஏட்டின் அளவும் எழுத்தின் சாயலும் நூலைத் தெரிவிக்கா. பதிப்பாசிரியர் செய்வது சொல்லோடு சொல்லை வைத்து ஒப்புநோக்குதல். இரு ஏடுகள் ஒரே இடத்தில் ஒரே வழுவைக் கொண்டிருப்பின், அவை ஒரே தாயேட்டின் வழி வந்தவை எனத் துணியலாம். எழுதுவோர் பிழைகளே ஏடுகளின் வம்சவரலாற்றை எமக்குச் சொல்கின்றன.

உயிரின் ஏடு நான்கெழுத்துக்களால் ஆனது. தலைமுறைதோறும் அது படியெடுக்கப்படும்போது அரிதாகப் பிழைகள் நேர்ந்து நிலைக்கின்றன. பங்கசு தூளாயினும் காம்பாயினும் அதன் ஒவ்வொரு கலத்திலும் இருப்பது அதே ஏடு. உருவம் பருவத்துக்குப் பருவம் மாறும், ஏடு மாறாது. ஆகவே கேகாலையில் ஓரிலையில் கண்ட வெண்தூளிலிருந்தும், பல மைல்களுக்கப்பால் இலைக்குப்பையிற் கண்ட காம்பிலிருந்தும் எடுக்கப்பட்ட வரிசைகள் ஒத்திருப்பின், இரண்டும் ஒரே உடலில் கூடும் தருணத்துக்காக எவரும் காத்திருக்க வேண்டியதில்லை.

இதற்கெனப் பெரிதும் பயன்படுவது, புரதத்தை ஆக்கும் உறுப்பாகிய இறைபோசோமுக்குரிய பரம்பரையலகுகளின் இடையே அமைந்த பகுதியாகும். இருபுறமும் உள்ள பரம்பரையலகுகள் எல்லாப் பங்கசுக்களிலும் ஏறத்தாழ ஒன்றாயிருப்பதால் அவற்றை அடையாளக் கற்களாகக் கொள்ளலாம். இடைப்பகுதியில் பிழைகள் தடையின்றிச் சேர்வதால் அது இனத்துக்கு இனம் வேறுபடும். 1980களில் உருவான படிபெருக்கும் முறையும், 1990இல் உவைற்றும் சகாக்களும் வெளியிட்ட தொடக்கத் துண்டுகளும் இப்பகுதியைச் சிறிதளவு மாதிரியிலிருந்தும் படிப்பதைச் சாத்தியமாக்கின. 2012இல் இப்பகுதியே பங்கசுக்களின் பொது அடையாளக் குறியாக முன்மொழியப்பட்டது. எனினும், நெருங்கிய இனங்களைப் பிரித்தறிய இஃதொன்றே போதாது. எந்தப் பதிப்பாசிரியரும் ஓரியலை மட்டும் ஒப்பிட்டு முழுநூலைத் தீர்மானிப்பதில்லை. ஆதலால் வேறு பரம்பரையலகுகளும் சேர்த்தே ஒப்பிடப்படுகின்றன.

இம்முறையின் பயன்கள் விரைவிற் புலப்பட்டன. இலங்கைக் கோப்பியின் வெண்வளையப் பங்கசு 1898இல் யாவாவிற் செபலோஸ்போரியம் எனவும், 1939இல் வெர்ட்டிசிலியம் எனவும் பெயர்பெற்றிருந்தது. ஈரானியரான சாரேயும் கம்ஸும் 2001இல் வரிசைகளை ஒப்பிட்டு, ஒரே பெயரில் வழங்கியவை பல இனங்கள் எனக் காட்டி, லெக்கானிசிலியம் என்ற பேரினத்தை அமைத்தனர். அதன் இலிங்கநிலை டோரூபியெல்லா என்ற பெயரில் வேறோரிடத்தில் இருந்தது. 2017இல் இவை யாவும் அகாந்தோமைசெஸ் லெக்கானி என்ற ஒரே பெயரின் கீழ் வந்தன. 2007இல் சங், ஸ்பட்டபோரா முதலியோர் 162 வகைகளை ஐந்து முதல் ஏழு பரம்பரையலகுப் பகுதிகளால் ஒப்பிட்டபோது, பழைய கோர்டிசெப்ஸ் ஒரே குடும்பமன்று, மூன்று குடும்பங்களிற் பரந்து கிடப்பது என வெளிப்பட்டது. அவற்றுள் ஒரு பெருந்தொகுதிக்கு அவர்கள் தேர்ந்த பெயர் ஒபியோகோர்டிசெப்ஸ். கரப்பான் பூச்சியிலிருந்து பெச் அமைத்துப் பின் தாழ்த்தப்பட்ட பேரினம் 76 ஆண்டுகளின் பின் மீண்டெழுந்தது. டிப்டெரிஜெனாவும் அதனுள் அடங்கியது. 2011 யூலையில் மெல்பேணில் கூடிய மாநாடு இருபெயர் விதியை நீக்கியது. 2013 சனவரி முதலாந் திகதியிலிருந்து புதிதாகப் பெயரிடப்படும் பங்கசுக்கள் யாவற்றுக்கும் ஒரு பெயரே முறையானது என்றாயிற்று.

இயற்கையை அசைவற்ற கூறுகளாக அன்றி இயக்கமாகக் காண வேண்டும், வன்மையான எல்லைக்கோடுகள் கூர்ப்புக் கோட்பாட்டோடு பொருந்தா என ஏங்கெல்ஸ் எழுதிவைத்த குறிப்புக்கள் அவரது மறைவின் பின், 1925இலேயே நூலுருப் பெற்றன. நிலைகளைத் தனிப்பொருள்களாகப் பெயரிட்ட விதி, அக்குறிப்புக்கள் வெளிவந்து 86 ஆண்டுகள் கழிந்தபின்னரே நீங்கியது. கோட்பாடு மட்டும் விதியை மாற்றவில்லை; புதிய கருவியொன்று உற்பத்தியாகும்வரை பழைய விதி நிலைத்தது.

6

இப்பெயர் மாற்றங்கள் நூலகத்துள் அடங்கிவிடும் செய்திகள் அல்ல. 1981இல் பிரித்தானியாவில் கண்ணாடிக் கூடப் பயிர்களின் பூச்சிகளைக் கொல்ல இவ்வெண்ணிறப் பங்கசு விற்பனைக்கு வந்தது. அழுக்கணவனுக்கு ஒன்றும் வெள்ளை ஈக்கு ஒன்றுமாக, ஒரே இனத்தின் இரு வகைகள் என விற்கப்பட்டவை வெவ்வேறு இனங்கள் என 2001இன் ஒப்பீடு காட்டியது. எது எப்பூச்சியைக் கொல்லும், எதை விட்டுவிடும் என்பது பெயரின் திருத்தத்தில் தங்கியுள்ளது. மெக்சிக்கோவின் கோப்பித் தோட்டங்களில் இப்பங்கசு செதிற்பூச்சியை மட்டுமன்றிக் கோப்பித் துருவையும் உண்கின்றது என்பதற்கு 2009இல் சான்று காட்டப்பட்டது. இலங்கைக் கோப்பியின் இரு பெரும் பகைகளுக்கும் பகையாகிய ஒன்று அதே இலைகளில் வாழ்ந்திருக்கின்றது. அது கோப்பியைக் காத்திருக்கும் என நாம் வாதிக்கவில்லை. பூச்சிப் பங்கசுவைக் கொண்டுவந்து தூவுவதால் மட்டும் பயனில்லை, அது ஏற்கெனவே எங்கும் உள்ளது, பெருகுவதும் பெருகாததும் சூழலைப் பொறுத்தது என 1925இல் பெச் எச்சரித்ததை நாம் மறத்தலாகாது. வினா, பூச்சி பெருகவும் அதன் பகை அருகவும் செய்யும் பயிர்முறையைப் பற்றியதாகும்.

சப்பிரகமுவவில் இவ்வினா இன்றும் உயிருள்ளது. தேயிலைத் தண்டைத் துளைக்கும் சிறுவண்டு தாழ்நாட்டு, இடைநாட்டுத் தேயிலையின் முதன்மைப் பகைகளுள் ஒன்று. தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் தாழ்நாட்டுப் பிரிவு இரத்தினபுரியில், சென் ஜோக்கிம் தோட்டத்தில் அமைந்துள்ளது. துளைபட்ட கிளை முறிவதை முதலிற் காண்பவர் கவ்வாத்து வெட்டுபவர். இலையின் அடியில் வெண்தூளைக் காண்பவர் கொழுந்து பறிப்பவர். மருந்தடிக்கும்போது அதன் ஆவியைச் சுவாசிப்பவரும் அவர்களுள் ஒருவரே. பூச்சியைக் கொல்ல நஞ்சு தேவையா, பங்கசு போதுமா என்ற வினா ஆய்வாளருக்கு அறிவு சார்ந்தது. தோட்ட முகாமைக்குச் செலவு சார்ந்தது. தொழிலாளருக்கு நுரையீரல் சார்ந்தது.

டீ.என்.ஏ முறை எல்லாவற்றையும் தானே தீர்க்கும் என்ற மயக்கமும் வேண்டியதில்லை. கோப்பித் துருவின் உறவினங்கள் பல இரு வேறு தாவரங்களில் மாறிமாறி வாழ்வன. ஆனால் கோப்பித் துருவுக்கு அத்தகைய இரண்டாந் தாவரம் ஏதும் இன்றுவரை கண்டறியப்படவில்லை. 1869இல் இங்கு பெயர்பெற்று ஒரு நாட்டின் பொருளாதாரத்தையே மாற்றிய உயிரின் வாழ்க்கை இன்னும் பாதிதான் தெரியும். ஒப்பிடுவதற்கு இரண்டாவது ஏடு வேண்டும். அவ்வேட்டை யாராவது கண்டெடுக்க வேண்டும். எந்தச் செடியில், எந்தப் பூச்சியில், எந்த மழையில் கண்டது என்ற குறிப்பின்றித் தரவுத்தொகுதியில் இடப்படும் வரிசை, தலைப்பிழந்த ஏட்டைப் போன்றதே. மீண்டும், உடனிருப்போரின் கண்ணே தேவைப்படுகின்றது.

அக்கண்ணுக்குரியோர் இவ்வரலாற்றில் எங்கே உள்ளனர்? பங்கசுக்களின் பெயர்களில் பூச்சியின் பெயர் உண்டு, செடியின் பெயர் உண்டு, சேகரித்த துரைமாரின் பெயரும் உண்டு. காட்டை வெட்டியோர், செடியை நட்டோர், இலையைத் தினமும் புரட்டியோர் ஆகியோரின் பெயர் செக்ரோலில் மட்டும், நாட்கூலிக் கணக்காக உண்டு. இந்நிலை தற்செயலானதன்று. கையால் உழைப்போரையும் கருத்தால் உழைப்போரையும் பிரித்த தோட்ட அமைப்பு, பார்க்கும் உரிமையையும் பிரித்தது. இரு பருவங்கள் இரு பெயர்களாய் நின்றமைக்கு நாம் முற்கூறிய இரண்டாவது காரணம் இதுவே.

7

முடிவாக ஓர் எச்சரிக்கையைக் கூற வேண்டியுள்ளது. பங்கசுவின் இரு பெயரை வம்சத் தொடர்ச்சி ஒன்றாக்கியதைக் கண்டு, மனிதரையும் அவ்வாறே வம்சத்தால் வகுக்கலாம் என எவரும் கருதலாகாது. இந்நாட்டில் அது செய்யப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தையும் பாட்டனும் பூட்டனும் எங்கு பிறந்தனர் என்ற சான்றைத் தோட்டத் தொழிலாளரிடம் கேட்டது. செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புப் பதிவில் வேறோர் எழுத்துக்கூட்டல் என வாழ்ந்தவர்களுக்குப் பெயரின் தொடர்ச்சியைக் காட்டுதல் பங்கசுவின் பருவங்களை இணைப்பதை விடக் கடினமாயிற்று. 1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை இரு நாடுகளுக்குமிடையே எண்ணிக்கைகளாகப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிற்பாடு என அப்பங்கீடு அமைந்தது. எஞ்சி நாடற்றோராய் நின்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003ஆம் ஆண்டாயிற்று.

பங்கசுவை அடையாளங் காண்பதற்கு அதன் வம்சம் சரியான சான்று; ஏனெனில் அதன் உருவம் எமக்குப் போதிய சான்று தராது. மனிதர் ஒரு நிலத்துக்கு உரியவர் என்பதற்கு வம்சம் சான்றன்று. அந்நிலத்தில் அவர்கள் செய்த உழைப்பே சான்று. இறக்குவானை முதல் எட்டியாந்தோட்டை வரை அச்சான்று சரிவுகளில் வரிவரியாக நடப்பட்டு நிற்கின்றது. அதனைப் படிக்க ஆய்வுகூடம் தேவையில்லை. பங்கசு ஆய்வுக்கு இப்போது வேண்டியது, அச்சரிவுகளில் நாள்தோறும் நடப்போர் கண்டதை ஆய்வாளர் கேட்டு, கண்டவர் பெயருடன் பதிவு செய்தலாகும். இரு பருவங்களை ஒரு பெயரால் அழைக்கக் கற்றுக்கொண்ட அறிவியல், பார்த்தவரையும் பெயரிட்டவரையும் ஒரே பதிவில் எழுதக் கற்றுக்கொள்ளும்போதே அதன் பணி நிறைவுறும்.